போர்ப்புகையும் மூக்கடைப்பும்

ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் பாசறைக் குப்பைகளையெல்லாம் பெருங்குழிகளில் குவித்து, விமான எரிபொருளை ஊற்றிக் கொளுத்திய அமெரிக்க ராணுவத்தின் வீரர்கள், அந்தக் கரும்புகையைச் சுவாசித்ததால் உண்டான நாள்பட்ட நாசி அழற்சியைச் சேவையின் விளைவென்றே அனுமானிக்கலாமென அரசாங்கம் இசைந்தது 2021ஆம் வருஷத்தில்தான். மறு வருஷம், நச்சுப்புகைக்கு ஆளான வீரர்களுக்கான பாக்ட் (PACT) என்ற சட்டம் அதனை உறுதிசெய்தது. அதுவரை, இயலாமைக்கான உபகாரச் சம்பளம் கோரியவர், பல்லாண்டுகளுக்கு முந்திய மருத்துவக் குறிப்பைத் தேடியெடுத்து, வைத்தியரின் அபிப்பிராயத்தையும் இணைத்து, மேல்முறையீட்டு வாரியத்தின் முன் காத்துக் கிடக்க நேர்ந்தது.

நோய் ஏற்கப்பட்ட பின்னும், ஒவ்வாமை நாசி அழற்சியை அளக்கும் அளவுகோல் குரூரமானது: மூக்கில் சதை வளர்ந்திருந்தால் 30 சதவீத இயலாமை, வளராவிடில், இரு துவாரங்களும் பாதிக்குமேல் அடைபட்டிருந்தாலோ ஒன்று முற்றும் அடைபட்டிருந்தாலோ 10 சதவீதம், மற்றவர்க்குப் பூஜ்யம். பரிசோதனை நாளில் மருந்தின் தயவால் மூக்குத் திறந்திருக்க, மற்ற இரவுகளில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே உறங்குகிறவரின் அவஸ்தை எந்தக் கட்டத்தில் பதிவாகும்? சான்றுகள் இருபுறமும் சமமாக நின்றால் சந்தேகத்தின் பலனை வீரருக்கே அளிக்கவேண்டுமென்று அந்நாட்டுச் சட்டமே விதிக்கையில், ஒரு நாள் சோதனையை மட்டும் நம்பித் தீர்ப்பெழுதுவது நியாயமன்று. வீரரும் அவர் மனைவியும் எழுதித் தரும் வாக்குமூலத்துக்கும் பரிசோதகர் தம் அறிக்கையில் காரணத்துடன் பதிலெழுதியாகவேண்டும்.