பேடுக்குள் புகுந்த உறுமி

மல்லாங்கிணற்றிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி வரை எந்த ஊர்ப் பொங்கலுக்குப் போனாலும், ராத்திரி இன்னிசைக் கச்சேரி மேடையில் அந்தக் கறுப்புப் பலகையைப் பார்க்கலாம். ஸ்டாண்டில் நிற்கும். மேலே ரப்பர் ஒட்டிய கட்டங்கள். ஒரு கட்டத்தில் தட்டினால் தவில், அடுத்ததில் தட்டினால் பம்பை, இன்னொன்றில் உறுமி. நையாண்டி மேளக்காரர்கள் வேன் பிடித்து வந்து செய்கிற வேலையை ஒரு ஆள், இரண்டு குச்சியை வைத்து முடித்துவிடுகிறார். ரோலண்ட் கம்பெனி 1985-ல் எட்டுக் கட்டங்களோடு கொண்டுவந்த ஆக்டாபேடின் பேரப்பிள்ளை இது. எந்தக் கம்பெனி செய்தாலும் நம்மூரில் இதற்குப் பெயர் ‘பேட்’தான்.

சரி, அந்தப் பலகைக்குள் தவில் எப்படிப் போனது?

மின்சாரத்தில் இசை செய்ய இரண்டு வழி உண்டு. முதல் வழி, ஒலியை அடியிலிருந்தே உருவாக்குவது. மின் அலையைக் கூட்டி, குறைத்து, வடிகட்டி ஒரு குரலைக் கொண்டுவருவது. அதுதான் சிந்தசைஸர். அமெரிக்காவில் ராபர்ட் மூக் 1964-ல் செய்த கருவியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அதற்குப் பத்து வருடம் முன்பே இந்தியா இதன் மூதாதையைக் கேட்டுத் தலையாட்டிவிட்டது. 1954-ல் வந்த ‘நாகின்’ இந்திப் படத்தின் மகுடி இசை ஞாபகமிருக்கிறதா? அதில் மகுடியே கிடையாது. கிளாவியோலின் என்ற சின்ன மின்சாரக் கீபோர்டில் கல்யாண்ஜி வாசித்தது அது. இன்றைக்கும் கல்யாண வீட்டில் பாம்பு டான்ஸ் ஆடுகிறவர்கள் ஆடுவது அந்த மெட்டுக்குத்தான்.

இரண்டாவது வழி சாம்ப்ளர். இது எதையும் உருவாக்குவதில்லை. யாரோ வாசித்ததைப் பதிந்து வைத்துக்கொண்டு, கேட்கும்போது திருப்பித் தருகிறது. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் பீட்டர் வோகல், கிம் ரைரி என்ற இரண்டு நண்பர்கள் பியானோ ஒலியைச் செயற்கையாகச் செய்யப் பார்த்துத் தோற்றார்கள். கடைசியில் வோகல், ரேடியோவில் ஓடிய பியானோவை ஒரு வினாடி அளவுக்குப் பதிந்து, அதையே மேலும் கீழுமாக வெவ்வேறு சுருதியில் ஓடவிட்டார். அசல் பியானோ வந்து நின்றது! கேசட் வேகமாக ஓடினால் குரல் கீச்சென்று ஏறும், மெதுவாக ஓடினால் கனத்துப்போகும் அல்லவா, அதே சங்கதிதான். 1979-ல் அவர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த ஃபேர்லைட் கருவி ஒரு வீட்டின் விலைக்குப் போனது.

நம் பக்கத்தில் 1986-லேயே ‘புன்னகை மன்ன’னுக்கு இளையராஜா கம்ப்யூட்டரைக் கொண்டுவந்துவிட்டார். அடுத்த கட்டம் ஏ.ஆர்.ரஹ்மான். 1976-ல் அப்பா ஆர்.கே.சேகர் இறந்தபோது பையனுக்கு ஒன்பது வயது. அவர் விட்டுப்போன வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. 1989-ல் வீட்டோடு சேர்த்தே ஸ்டூடியோ கட்டினார், 1992-ல் ‘ரோஜா’ வந்தது. பெரிய ஹாலில் அத்தனை பேரையும் உட்காரவைத்து ஒரே மூச்சில் பதிகிற காலம் அதற்கப்புறம் வேகமாகக் கரைந்தது. தனித்தனியாக வாசி, பதிந்து வை, பிறகு அடுக்கிக்கொள். அந்தப் பழக்கம்தான் விலை குறைந்து, கிராமத்து மேடை வரை பேடாக வந்து சேர்ந்தது.

இதில் ஒரு விஷயம் உறுத்துகிறது. சிந்தசைஸரின் ஒலிக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. சாம்ப்ளரில் இருக்கும் உறுமி ஒலிக்குப் பின்னால் ஒரு கை இருக்கிறது. தோலை வளைந்த குச்சியால் தேய்த்து முனகவைத்த ஒரு நிஜ மனிதர். மேடைக்கு மேடை அவரைத்தான் தட்டுகிறார்கள். கீபோர்டுக்கு ஒலி தொகுத்து விற்கிறவர்கள் அவரைத்தான் விற்கிறார்கள். பேர் மட்டும் எங்கேயும் இருக்காது. 2012-ல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம், வாசித்தவரைப் பேர் சொல்லி அடையாளம் காட்டவேண்டும், வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் ராயல்டி தரவேண்டும் என்கிறது. ஆனால் ‘ரூ...ம்’ என்ற ஒரே ஒரு தேய்ப்புக்கு அதைக் கேட்டு எந்த உறுமிக்காரர் கோர்ட்டுக்குப் போவார்?

பேடைக் குறை சொல்லியும் பயனில்லை. ஊர் வசூலில் மேளத்துக்கு ஒதுக்க முடிகிற பணம் எவ்வளவு என்பது விழாக் கமிட்டிக்குத் தெரியும். மானாவாரி பூமி, மழை பொய்த்த வருடம் முதலில் வெட்டு விழுவது கச்சேரிச் செலவில்தான். நல்ல பேட்காரர் விரல் கணக்கோடு தாளம் தெரிந்தவர், அவரும் கலைஞரே.

இப்போது வருகிற பேடுகள் பலவற்றில் நாமே பதிந்த ஒலியை ஏற்ற முடியும். உள்ளூர் உறுமிக்காரரை உட்காரவைத்து, மெல்லத் தேய்த்தது, அழுத்தித் தேய்த்தது, இழுத்து முனகவிட்டது என்று பத்து விதமாகப் பதியலாம். பதிந்த அன்றைக்கே கூலியைக் கையில் கொடுத்து, ஃபைலுக்கு அவர் பேரையே வைத்துவிடலாம். அதற்கு ஒரு செல்போனும் அரை நாளும் போதும். ஆனாலும் சாமியாடுகிறவரின் காலைப் பார்த்து அடியை ஏற்றுவதற்கு அவரே நேரில் வந்து நிற்கவேண்டும். அதை இன்னும் எந்தக் கட்டத்திலும் ஏற்ற முடியவில்லை.