அடுப்பங்கரை அம்மாக்கள்

பிரெஞ்சுச் சமையல் என்றதும் உயரமான வெள்ளைத் தொப்பியோடு ஓர் ஆண்பிள்ளைதான் நம் கண்முன் வந்து நிற்கிறார். ஆனால் அந்த நாட்டிலும் வீட்டுக்கு வீடு அடுப்போடு மல்லாடியவர்கள் நம்மைப் போன்ற பெண்கள்தாம். லியோன் நகரத்தில் அப்படிப்பட்ட சிலருக்கு 'மேர்' என்றே பெயர். வேறொன்றுமில்லை, 'அம்மா' என்று அர்த்தம்! பணக்கார வீடுகளில் சமையல் வேலை பார்த்துவிட்டு, பிற்பாடு சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை வைத்தவர்கள் அவர்கள்.

அவர்களில் யூஜெனி பிராசியே அம்மாளின் கதையைக் கேளுங்கள். 1895-ல் குடியானவர் வீட்டில் பிறந்தவர். சின்ன வயதில் பன்றி மேய்த்தார், தாயையும் பறிகொடுத்தார். கல்யாணம் ஆகாமலே கைக்குழந்தை. தகப்பனார் வீட்டை விட்டே அனுப்பிவிட்டார். லியோனுக்கு வந்து வேலைக்கு அமர்ந்து, ஃபிலியூ அம்மாளிடம் தொழில் பழகி, 1921-ல் சின்னதாக ஒரு கடை திறந்தார். 1933-ல் அவருடைய இரண்டு கடைகளுக்குமே மிஷெலின் புத்தகத்தார் மும்மூன்று நட்சத்திரம் கொடுத்தார்கள். ஒருசேர ஆறு நட்சத்திரம் பெற்ற முதல் ஆள் அவர்தான். பெயர் பெற்ற பால் பொக்கூஸ் கூட அவரிடம் வேலை கற்ற பையன்தான்!

1998-ல் அலேன் துக்காஸ் ஆறு நட்சத்திரம் வாங்கியபோது, இவரே முதல்வர் என்று பத்திரிகைகள் கொட்டி முழக்கின. 65 வருஷத்துக்கு முந்திய அம்மாளைப் பலருக்கு ஞாபகமே வரவில்லை. எனக்கு இதில் கோபம்தான்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் வில்லியனூரும் பாகூரும் 1954 அக்டோபர் முடியப் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர்கள். இன்றும் அங்கே பஞ்சாயத்துக்குக் 'கொம்யூன்' என்றுதான் பெயர். அந்தச் சீமையில் வெயில் காலம் வந்தால் வடகம் போடுவார்கள். சின்ன வெங்காயம், பூண்டு இரண்டையும் ஒன்றிரண்டாக இடித்து, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்புச் சேர்த்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைவார்கள். ராத்திரி பானையில் மூடிவைத்து, பகலில் வெயிலில் காயவைத்து, மறுபடி பிசைந்து உருட்டுவார்கள். நாள் கணக்கில் இடுப்பொடிகிற வேலை.

இந்த வடகம்தான் புதுச்சேரி வழியாகப் பிரான்சுக்குப் போய் 'வதுவான்' ஆயிற்று. அங்கே பெரிய பெரிய சமையற்காரர்கள் மீனுக்கும் கோழிக்கும் அதைத் தூவுகிறார்கள். வெயில் ஏது? ஓவனில் உலர்த்திச் சீசாவில் அடைத்து விற்பனை! முதலில் இடித்த பாட்டியின் பெயர் மட்டும் எந்தச் சீசாவிலும் இல்லை.

பதிலுக்கு அவர்கள் வீட்டுச் சமையல் ஒன்றை நாம் எடுத்துக்கொள்வோமே! நமக்கு ரசம் போல அவர்களுக்கு ராத்திரிச் சூப்பு. பெரிய வெங்காயம் இரண்டை நறுக்கி, ஒரு கரண்டி வெண்ணெயில் சிவக்காமல் வதக்குங்கள். தோல் சீவிய உருளைக்கிழங்கு நான்கு, ஒரு காரட், நான்கு டம்ளர் தண்ணீர், உப்புப் போட்டு நிதானமாக வேகவிடுங்கள். குழைந்ததும் மசித்து, அரை டம்ளர் பால் விட்டு, கொதி வருமுன் இறக்கி, மிளகுப் பொடி தூவுங்கள். அவசரம் கூடாது, சின்னத் தீயில்தான் இருக்கிறது ருசி.

காரம் போதவில்லை என்று வீட்டில் யாராவது முகம் சுளித்தால், ஒரு சிட்டிகை வடகத்தை நெய்யில் பொரித்து மேலே போட்டுக் கொடுங்கள்.