பழைய மடிக்கணினிக்கு எது நியாய விலை?

2017ஆம் ஆண்டு இறுதியில் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கிய மடிக்கணினியை அண்மையில் விற்க முற்பட்டேன். பழைய கணினிகளை வாங்கி விற்கும் கடையொன்றில் நான்காயிரம் ரூபாய்க்குக் கேட்டார்கள். அதே கடையில், அதே தலைமுறை பிராசசர் கொண்ட இன்னொரு மடிக்கணினி, துடைத்துப் பளபளப்பாக்கப்பட்டு, பதினான்காயிரம் ரூபாய் விலைச்சீட்டுடன் இருந்தது. இவ்விரு விலைகளுக்கும் நடுவே நியாய விலை எங்கே இருக்கிறது?

வருமான வரிக் கணக்கில் கணினிக்கு ஆண்டுக்கு 40 சதவீதத் தேய்மானம் அனுமதிக்கப்படுகிறது. எஞ்சிய மதிப்பிலிருந்து ஆண்டுதோறும் கழித்துக்கொண்டே வந்தால், ஐம்பதாயிரம் ரூபாய் மூன்றாம் ஆண்டு முடிவில் 10,800 ஆகிறது. எட்டாம் ஆண்டு முடிவில் சுமார் 840. சந்தை இந்தக் கணக்கை ஏற்பதில்லை. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்களின் தேவையால் 2025 இறுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை கடுமையாக உயர்ந்துள்ளது. பழைய கணினியில் இருக்கும் ராமுக்கே இன்று தனி மதிப்பு வந்துவிட்டது.

விலையைக் கீழே இழுக்கும் காரணமோ வெளியே தெரிவதில்லை. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு, இன்டெல் வகையில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசசர் முதலே தகுதி. என்னுடையது ஏழாம் தலைமுறை. தனிநபர்கள் பதிவு செய்துகொண்டால் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை 2026 அக்டோபர் 13 வரை பெறலாம் என்று அறிவிக்கப்பட்டது. ஆக, விசைப்பலகையும் திரையும் பழுதின்றி இருக்கும் ஒரு பொருளின் ஆயுளை, அதைச் செய்யாத இன்னொரு நிறுவனத்தின் நாட்காட்டி முடிவு செய்கிறது. சிலர் தகுதியற்ற கணினியிலும் குறுக்கு வழியில் விண்டோஸ் 11-ஐ நிறுவி விடுகிறார்கள். வாங்குபவர் திரையைப் பார்த்து ஏமாறுகிறார்.

பொருளின் தரத்தை விற்பவர் மட்டுமே அறிந்திருக்கும் சந்தையில் நல்ல பொருளுக்கும் உரிய விலை கிடைக்காமல் போகும் என்பதைப் பொருளியலறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-லேயே விளக்கினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் பழைய கார். நம் ஊரில் பழைய மோட்டார் சைக்கிள் வாங்குபவராவது ஆர்.சி.யில் தயாரிப்பு ஆண்டைப் பார்த்துக்கொள்ளலாம். மடிக்கணினிக்கு அப்படியோர் ஆவணம் கிடையாது. பழையதைப் புதியதென்று சொல்லி விற்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பழையதைப் பழையதென்றே சொல்லி, எஞ்சிய ஆயுளை மட்டும் மறைப்பவரை என்ன செய்வது? தயாரிப்பு ஆண்டு, பிராசசர் தலைமுறை, இயங்குதள ஆதரவு முடியும் நாள், பேட்டரியின் நிலை ஆகிய நான்கையும் விலைச்சீட்டில் எழுத வேண்டும் என்று கடைகளுக்கு விதி செய்வதில் அரசுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. கடனை உடனை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கணினி வாங்கித் தரும் குடும்பங்களே இச்சந்தையின் முக்கிய வாடிக்கையாளர்கள்.

பேட்டரியைச் சோதிப்பதும் கடினமன்று. விண்டோஸ் கணினியே அதற்கு ஓர் அறிக்கை தரும். வடிவமைத்தபோது இருந்த கொள்ளளவும் இப்போதைய கொள்ளளவும் அதில் இருக்கும். என் கணினியில் பாதிகூட மிஞ்சவில்லை. மாற்றுவதற்கு மூவாயிரம் ரூபாய் ஆகும் என்றார்கள்.

கடைக்கு விற்க மனமில்லை. அடுத்த தெருவில் கணினி அறிவியல் படிக்கும் மாணவி ஒருவர் லினக்ஸ் நிறுவிப் பயன்படுத்திக்கொள்வதாகச் சொன்னார். ஆதரவு தேதி அவருக்குத் தடையில்லை, பேட்டரிதான் செலவு. கடையில் கண்ட பதினான்காயிரத்தை மறந்துவிட்டு, பேட்டரி மாற்றிய பின்னும் அவருக்கு மொத்தச் செலவு ஒன்பதாயிரத்தைத் தாண்டக் கூடாது என்று கணக்கிட்டு ஆறாயிரம் கேட்டேன். பேட்டரி அறிக்கையையும் அச்சிட்டுக் கொடுத்தேன். நிதானமாகப் படித்துவிட்டு, “ஐயாயிரத்து ஐந்நூறுக்குத் தருவீர்களா சார்?” என்றார். தந்துவிட்டேன்.