நட்டம் யாருடைய கணக்கில்?

“நட்டம்” என்ற சொல்லை மலையகத்தில் பிறந்த யாருக்கும் விளக்கத் தேவையில்லை. சம்பளம் என்று வாயைத் திறந்தாலே கம்பனிப் பக்கமிருந்து வரும் முதல் பதில் அதுதான். 2021ல ஆயிரம் ரூபா கேட்டப்ப நட்டம். 2024ல 1,700 ரூபாய்க்கு வர்த்தமானி வந்தப்பவும் நட்டம். அதைச் சொல்லிக்கொண்டு பெருந்தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் வரைக்கும் போயின. கடைசியில் விஷயம் 1,350 ரூபாயில் வந்து நின்றது.

அதே சொல் கட்டுநாயக்கவிலும் கேட்டது. 2025 மே மாதம், சுதந்திர வர்த்தக வலயத்தில் இருந்த நெக்ஸ்ட் கம்பனியின் ஆடைத் தொழிற்சாலை மூடப்பட்டது. 1,416 பேருக்கு வேலை போனது. முதல் நாள் வரைக்கும் மெஷினில் உட்கார்ந்து தைத்தவர்களுக்கு, தொழிற்சாலை மூடப்பட்ட செய்தி போனில் வந்தது. கம்பனி சொன்ன காரணம்: இயக்கச் செலவு கூடிவிட்டது, இந்தத் தொழிற்சாலையை இனி கொண்டு நடத்த முடியாது. நாவலப்பிட்டியிலும் ஆண்டிகமவிலும் உள்ள மற்ற இரண்டு தொழிற்சாலைகளும் தொடர்ந்து இயங்கும்.

மாத்தளையில இருந்துகொண்டு ஏன் கட்டுநாயக்கவைப் பற்றிப் பேசணும்? உக்குவளை, இரத்தோட்டை, எல்கடுவை பக்கம் எந்த லயத்துக்கு வேண்டுமானாலும் போய், “இங்க யாராவது கார்மென்ட்டுல இருக்காங்களா” என்று கேட்டுப் பாருங்கள். ஒரு அக்காவோ, சித்தியோ, ஓ/எல் முடிச்ச தங்கச்சியோ கட்டாயம் இருப்பாங்க. கட்டுநாயக்கவிலும் பியகமவிலும் ஒரு போர்டிங் அறையில் நாலைந்து பேராகத் தங்கி, மாசம் முடிய வீட்டுக்குக் காசு அனுப்புகிறவர்கள் அவர்கள். அங்கே ஒரு கேட் மூடினால் இங்கே ஒரு அடுப்பு அணையும். அதனால் இது நம்முடைய விஷயமும்தான்.

இனி அந்த நட்டத்துக்கு வருவோம்.

நெக்ஸ்ட் என்பது பிரிட்டனின் பெரிய ஆடை விற்பனைக் கம்பனிகளில் ஒன்று. 2025 ஜனவரியோடு முடிந்த நிதியாண்டில், வரிக்கு முந்திய அதன் இலாபம் முதல் தடவையாக 100 கோடி பவுணைத் தாண்டியது. அன்றைய நாணய மாற்றுக்கு நம்முடைய காசில் ஏறத்தாழ 40,000 கோடி ரூபா. இந்தக் கணக்கு வெளியானது 2025 மார்ச் கடைசியில். தொழிற்சாலையை மூடியது மே மாதத்தில். நடுவில் இரண்டு மாசம்கூட முழுசா இல்லை. 2023ல் இதே கம்பனி ஃபேட்ஃபேஸ் என்ற இன்னொரு ஆடை விற்பனைக் கம்பனியை 11 கோடி பவுணுக்கும் மேல் கொடுத்து வாங்கியிருந்தது. கையில் காசில்லாத கம்பனி செய்கிற வேலையா இது?

“கம்பனிக்கு மொத்தமா இலாபம் வரலாம், ஆனா அந்த ஒரு தொழிற்சாலை நட்டத்துல ஓடியிருக்கலாமே” என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

சாதாரணமா ஒரு கடைக்கு எப்போது நட்டம் வரும்? வாங்குகிறவன் வேறு, விற்கிறவன் வேறு. வாங்குகிறவன் வரவில்லை என்றால், அல்லது விலையைக் குறைத்துக் கேட்டால், விற்கிறவனுக்கு நட்டம். நெக்ஸ்ட்டின் தொழிற்சாலை அப்படிப்பட்ட கடை இல்லை. தைக்கிறதும் நெக்ஸ்ட், தைத்த உடுப்பை எடுக்கிறதும் நெக்ஸ்ட். எந்தத் தொழிற்சாலைக்கு எத்தனை ஆயிரம் உடுப்புக்கு ஓடர் கொடுப்பது, ஒரு உடுப்புக்குத் தொழிற்சாலைக்கு எவ்வளவு காசு போடுவது, எந்த ஓடரை வேறு நாட்டுக்குத் திருப்புவது என்று தீர்மானிப்பது எல்லாம் அதே தாய்க் கம்பனியின் குழுமம்தான். ஒரு உடுப்பிலிருந்து வருகிற இலாபத்தில் எவ்வளவைத் தைத்த இடத்தில் எழுதுவது, எவ்வளவை விற்ற இடத்தில் எழுதுவது என்பதும் அவர்கள் கையில்தான்.

அப்பாவின் கடைக்கு மகன் சாமான் கொடுக்கிறான் என்று வையுங்கள். விலை போடுவது அப்பா. கடையில் இலாபம் கொட்டுகிறது. மகனின் கணக்கில் மட்டும் நட்டம். அப்போது அப்பா வந்து, “தம்பி, நீ நட்டத்துல ஓடுற, உன்னை மூடப்போறேன்” என்றால் நாம் யாரைக் கேள்வி கேட்போம்?

நெக்ஸ்ட் பொய்க் கணக்கு எழுதியது என்று நான் சொல்லவில்லை. பொய் எழுதவே தேவையில்லை என்றுதான் சொல்கிறேன். ஓடரைக் குறைத்தால் போதும். மெஷின்கள் பாதி நேரம் சும்மா நிற்கும், கரண்ட் பில்லும் சம்பளமும் அப்படியே இருக்கும், ஒரு உடுப்புக்கான செலவு தானாகக் கூடும். பிறகு அந்தச் செலவையே காட்டி மூடலாம். அந்தத் தொழிற்சாலைக்கு எத்தனை ஓடர் வந்தது, என்ன விலைக்கு வந்தது, எப்போது குறைந்தது என்று அங்கே தைத்த 1,416 பேருக்கும் ஒரு தாள் காட்டப்பட்டிருக்க வேண்டும். நட்டத்தைச் சுமக்கச் சொல்கிறவன் கணக்கைத் திறந்து காட்டத்தான் வேணும்.

அடுத்து, பேஸ்புக்கில் சுற்றிய மற்றக் காரணங்கள்.

“டிரம்ப் போட்ட வரிதான் காரணம்.” 2025 ஏப்ரலில் இலங்கைக்கு 44 வீத வரி அறிவிக்கப்பட்டது உண்மை. ஆனால் அந்த வரி அமெரிக்காவுக்குப் போகிற பொருளுக்கு. நெக்ஸ்ட்டின் பிரதான சந்தை பிரிட்டன். செய்தியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்ததால் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டோம்.

“சங்கம் வந்தா கம்பனி ஓடிரும்.” கட்டுநாயக்க தொழிற்சாலையில் தொழிற்சங்கக் கிளை இருந்தது உண்மை. சங்கம் இருந்ததால்தான் இந்தத் தொழிற்சாலை தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது தொழிற்சங்கத் தரப்பின் குற்றச்சாட்டு. இந்த இரண்டு வசனங்களையும் சேர்த்துப் படியுங்கள். முதலாவதைச் சொல்கிற ஆள், தனக்குத் தெரியாமலே இரண்டாவதை ஒத்துக்கொள்கிறார். சங்கம் வைத்ததற்குத் தண்டனையாகத் தொழிற்சாலை மூடப்படும் என்றால், கண்டிக்க வேண்டியது சங்கம் வைத்தவளையா, மூடியவனையா?

“அவங்க காசு, அவங்க தீர்மானம்.” இல்லை. இந்த நாட்டின் சட்டமே அதை ஒத்துக்கொள்வதில்லை. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஊழியர்களின் வேலையை முடிவுறுத்துவது பற்றியது. தொழில் வட்டாரத்தில் டெவா என்பார்கள். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்த வேண்டுமென்றால் இரண்டே வழி. ஒன்று, அந்த ஊழியரின் எழுத்துமூலச் சம்மதம். இல்லையென்றால், தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி. தொழிற்சாலையை மூடுவதும் இதற்குள் அடங்கும்.

இதில் முதலாவது வழியைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆணையாளரிடம் போனால் விசாரணை, ஏன் மூடுகிறாய் என்ற கேள்வி, கணக்கு எல்லாம் வரும். ஊழியர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால் இது ஒன்றும் வராது. அதனால் எந்தக் கம்பனிக்கும் அந்தக் கையெழுத்து தங்கம் மாதிரி. வேலை போன அதிர்ச்சியில், போர்டிங் வாடகை நிலுவையில் நிற்கிற பிள்ளையிடம் ஒரு காசோலையையும் ஒரு தாளையும் ஒன்றாக நீட்டினால், அவள் எதை வாசிப்பாள்?

“இழப்பீடு கிடைக்கும்தானே.” நெக்ஸ்ட்டும் இழப்பீடு தருவதாகத்தான் சொன்னது. சட்டச் சூத்திரப்படி முதல் 5 வருஷத்துக்கு, வருஷத்துக்கு இரண்டரை மாசச் சம்பளம். 6 முதல் 14 வரை, வருஷத்துக்கு 2 மாசம். எட்டு வருஷம் தைத்த ஒருவருக்குப் பதினெட்டரை மாசச் சம்பளம். 2025ல் இருந்த குறைந்தபட்சச் சம்பளம் 27,000 ரூபாயை வைத்துக் கணக்குப் பார்த்தால் ஐந்து இலட்சத்துக்குக் கிட்ட. கையில் வாங்கும்போது பெரிய காசு மாதிரித் தெரியும். ஆனால் 35 வயதைத் தாண்டிய ஒரு பெண்ணை இன்னொரு கார்மென்ட்டில் சுலபமாக எடுப்பார்களா? எட்டு வருஷத்தில் கண்ணும் முதுகும் போனதற்கு அந்தச் சூத்திரத்தில் நிரல் இருக்கிறதா? இழப்பீடு என்பது வாங்க வேண்டிய காசு, வாங்கத்தான் வேணும். அதை வாங்கியதால் கேள்வி முடிந்துவிடாது.

நமக்கு ஆகக் கிட்ட நிற்கிற விஷயம் இனித்தான். நாவலப்பிட்டித் தொழிற்சாலை தொடரும் என்றதும், “பரவாயில்ல, மலையகத்துக்கு வேலை மிஞ்சுது” என்று நம்மில் சிலர் நிம்மதிப்பட்டார்கள். 1992ல் பிரேமதாச ஜனாதிபதியாக இருந்தபோது தொடங்கிய 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் கார்மென்ட்டைக் கிராமங்களுக்குக் கொண்டு வந்தது. பல குடும்பங்கள் அதால் வாழ்ந்தன, மறுக்கவில்லை. ஆனால் கம்பனி மலையேறி வருவதற்குப் பின்னால் ஒரு கணக்கும் இருக்கிறது. வீட்டிலிருந்து வேலைக்கு வருகிறவளுக்குப் போர்டிங் வாடகை இல்லை, சோறு அம்மா வைத்துக் கொடுப்பாள், அதனால் குறைந்த சம்பளத்துக்கும் நிற்பாள். அவளுடைய லயமும் அவளுடைய அம்மாவின் உழைப்பும் கம்பனிக்குக் கிடைக்கிற சலுகை. அந்தச் சலுகை இன்னொரு ஊரில், இன்னொரு நாட்டில் இதைவிட மலிவாகக் கிடைக்கிற நாளில் இங்கேயும் அந்தச் செய்தி போனுக்கு வரும். கட்டுநாயக்கவில் வேலை இழந்தவளின் இடத்தில் நம்மை வைத்துப் பார்க்காமல், அவளுடைய வேலை நமக்கு வந்தது என்று கணக்குப் போட்டால், கம்பனிக்கு வேண்டிய போட்டியை நாமே ஓசியில் நடத்திக் கொடுக்கிறோம்.

அப்ப எல்லாத்தையும் அரசாங்கம் எடுத்து நடத்தினால் சரியாகிடுமா? மாத்தளைக்காரர்களிடம் அந்தக் கதை எடுபடாது. எல்கடுவ பெருந்தோட்டக் கம்பனி அரசின் கையில்தான் இருக்கிறது. அங்கே ஊழியர் சேமலாப நிதி நிலுவைக்காக அலைந்தவர்கள் நம்ம வீடுகளிலேயே இருக்கிறார்கள். முதலாளியின் பெயர்ப்பலகை மாறினால் போதாது, கேள்வி கேட்கிற உரிமை தொழிலாளியிடம் இருக்க வேண்டும்.

உழைக்கும் மக்களின் பெயரைச் சொல்லி ஆட்சிக்கு வந்த இன்றைய அரசாங்கத்திடம் நாம் கேட்க வேண்டியது மூன்று விஷயம். முதலாவது, வலயத்துக்குள் இருக்கும் ஒரு தொழிற்சாலையை மூட நினைக்கும் கம்பனி, பல மாதங்களுக்கு முன்பே தொழிலாளருக்கும் தொழில் திணைக்களத்துக்கும் அறிவித்து, கடைசி ஐந்து வருட ஓடர்களையும் விலைகளையும் திறந்து காட்ட வேண்டும். முதலீட்டுச் சபையின் சலுகையை அனுபவித்தவர்களிடம் இதைக் கேட்பது பெரிய கேள்வி இல்லை. இரண்டாவது, அதே கம்பனிக்கு வேறு தொழிற்சாலை இருந்தால், விரும்புகிறவர்களுக்குச் சேவைக்காலம் குறையாமல் அங்கே இடம் கொடுக்க வேண்டும். மூன்றாவது, கூட்டமாக வேலை நீக்கும்போது, தொழில் திணைக்கள அதிகாரி ஒருவர் முன்னால், அவரவர் மொழியில் வாசித்து விளங்கிய பிறகு போடும் கையெழுத்து மட்டுமே சம்மதமாகக் கணக்கில் எடுக்கப்பட வேண்டும். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ அடித்த தாளில் கையெழுத்து வைத்துவிட்டு வந்த நம்ம பிள்ளைகளுக்கு இதன் அர்த்தம் தெரியும்.

அரசாங்கம் இதைச் செய்யும் வரைக்கும் நாம் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. கார்மென்ட்டில் வேலை செய்கிற உங்கள் அக்காவுக்கு இன்றைக்கே ஒரு போன் எடுங்கள். நியமனக் கடிதம், சம்பளத் துண்டுகள், சேமலாப நிதி இலக்கம் எல்லாவற்றையும் ஒரு இடத்தில் படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஒருநாள் யாராவது ஒரு தாளை நீட்டினால், தொழில் அலுவலகத்திலோ சங்கத்திலோ காட்டிக் கேட்கும் வரைக்கும் கையெழுத்துப் போடவேண்டாம் என்று சொல்லுங்கள்.