தவணை குறைந்தால் கடன் குறையுமா?

கொலன்னாவையில் நமது அயலவர் ஒருவர் வாடகைக் கார் ஓட்டிக் குடும்பத்தைக் காத்து வருகிறார். அண்மையில் ஒரு மாலை கையில் ஒரு தாளுடன் நம் வீட்டுக்கு வந்தார். "சேர், என் லீசிங் கடனை வேறொரு கம்பனி ஏற்றுக்கொள்கிறதாம். மாதத் தவணை 62 ஆயிரத்திலிருந்து 35 ஆயிரமாகிவிடும். மகளின் டியூசனுக்கு வழி பிறந்தது. கையொப்பமிடவா?" என்றார்.

அவருடையது நெருக்கடிக் காலத்துக் கடன். 2022 ஏப்ரல் 8ஆம் நாள் இலங்கை மத்திய வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியை நூற்றுக்கு 7.5இலிருந்து 14.5 ஆக உயர்த்தியது. எண்ணெய்த் தாங்கிகள் நிறைந்த நமது ஊரிலேயே மக்கள் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற ஆண்டு அது. 2023 மார்ச்சில் அவ்வட்டி 16.5 ஆயிற்று, அவ்வாண்டு ஜூன் முதல் இறங்கலாயிற்று. ஆயினும் லீசிங் ஒப்பந்தத்தில் வட்டி பெரும்பாலும் தொடக்கத்திலேயே நிலையாக எழுதப்படுகிறது. நாட்டில் வட்டி இறங்கினாலும் பழைய ஒப்பந்தம் தானாக இறங்குவதில்லை. ஆதலால் கடனை மாற்ற எண்ணியது தவறன்று.

ஆனால் தாளை ஊன்றிப் பார்த்தோம். எஞ்சிய முதல் 15 இலட்சம் ரூபா. பழைய வட்டி 28 வீதம். மீதித் தவணைகள் 36. புதிய வட்டி 14 வீதம், தவணைகளோ 60! அவருடைய மகளை அழைத்துக் கணக்கைப் போடச் சொன்னோம். குறைந்து செல்லும் நிலுவைக்கே வட்டி என்று கொண்டு அவள் கண்ட விடை இது:

பழைய கடனையே தொடர்ந்தால், இனிக் கட்டவேண்டிய வட்டி ஏறக்குறைய 7 இலட்சத்து 33 ஆயிரம். புதிய கடனை 60 மாதங்களில் தீர்த்தால் 5 இலட்சத்து 94 ஆயிரம். அதே புதிய கடனை 36 மாதங்களிலேயே தீர்த்தால் 3 இலட்சத்து 45 ஆயிரம். தவணை சுமார் 51 ஆயிரம்.

வட்டி பாதியானதால் வந்த நன்மையின் பெரும்பகுதியை நீண்ட தவணைக் காலம் விழுங்கிவிட்டது. இன்னும், பழைய கடனை முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணம், புதிய கம்பனியின் மதிப்பீட்டுச் செலவு, ஆவணச் செலவு ஆகியவற்றையும் கூட்டினால், எஞ்சும் இலாபம் மேலும் சுருங்கும். காரும் இரண்டாண்டு கூடுதலாகக் கம்பனியின் உடைமையாகவே இருக்கும்.

தவணை கட்ட இயலாமற் கார் பறிபோகும் நிலையில் இருப்பவர்க்கு நீண்ட காலமே தஞ்சமாகலாம். உழைக்கும் கருவியை இழப்பதினும் வட்டியைக் கூட்டிக் கொடுப்பது மேல். ஆயினும் அந்தத் தஞ்சத்தின் விலை இன்னதென்று அறிந்தே கையொப்பமிட வேண்டும்.

எனவே கடனை மாற்ற விரும்புவோர் "மாதம் எவ்வளவு?" என்பதோடு நில்லாமல், மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டு விடை பெறுக. கடைசித் தவணை வரை மொத்தம் எவ்வளவு? வட்டி குறையும் நிலுவைக்கா, தொடக்கத் தொகை முழுவதற்குமா? பழைய கடனை முடிக்க என்ன கட்டணம்?

நம் அயலவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "36 மாதத்துக்கே கேட்டுப் பார்க்கிறேன், சேர். 11 ஆயிரம் மிஞ்சினாலும் டியூசனுக்குப் போதும்" என்றார். அவர் மகளோ, தன் கணக்கு சரிதானா என்று மறுபடியும் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.