கதைப் புத்தகத்தைப் பிடுங்காதீர்கள்

பிள்ளைச்சாவடியில் குடியிருக்கும் அப்பாக்களே, அம்மாக்களே! கொஞ்சம் கோபமாகத்தான் பேசப்போகிறேன். முழுதாகக் கேட்டுவிட்டு அப்புறம் என்னைத் திட்டுங்கள்.

படிப்பின் அருமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈசிஆர் சாலையில் நின்று பார்த்தால் கண்ணில் படுவதெல்லாம் கல்விக்கூடம்தான். பொறியியல் கல்லூரியாக இருந்து 2020-இல் புதுச்சேரித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக ஆனது நம் ஊரிலேயே இருக்கிறது. வடக்கே காலாப்பட்டுப் பக்கம் போனால் 1985-இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம், சட்டக் கல்லூரி, கேந்திரிய வித்யாலயா, நவோதயா, மருத்துவக் கல்லூரி. இதையெல்லாம் தினமும் பார்ப்பதாலோ என்னவோ, ஒன்றாம் வகுப்புக்குப் போகும் பிள்ளையைப் பார்த்தாலே நம் மனம் சீட்டு, கட்டணம், கட் ஆஃப் என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை முகம் கழுவுவதற்குள் டியூஷன். டியூஷன் விட்டு வந்தால் வீட்டுப்பாடம். அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ-க்கு மாறிய பிறகு இந்த ஓட்டம் இன்னும் கூடியிருக்கிறது.

இந்த ஓட்டத்துக்கு நடுவே பிள்ளை தானாக ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தால் என்ன செய்கிறோம்? “பாடத்தைப் படிக்கச் சொன்னா கதைபொஸ்தகம் வச்சிக்கினு குந்தியிருக்கியா?” என்று பிடுங்கி அலமாரி மேல் போடுகிறோம். அதே பிள்ளை சாப்பிட அடம்பிடித்தால் நாமே செல்போனைத் திறந்து, ரீல்ஸ் போட்டு, கையில் கொடுக்கிறோம். பிறகு தெருவில் நின்று, “என் பிள்ளை செல்லை விட்டு நகர மாட்டேங்குது” என்று அங்கலாய்க்கிறோம். யார் கொடுத்த செல் அது?

“கதை படித்தால் மார்க் வருமா?” என்பது உங்கள் கேள்வி. மார்க்கு மொழியிலேயே பதில் சொல்கிறேன். பிரிட்டனில் 1970-ஆம் ஆண்டு ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அவர்களில் சுமார் 6,000 பேருடைய விவரங்களை லண்டன் பல்கலைக்கழகத்தின் கல்வி ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். பத்து வயதிலிருந்து பதினாறு வயதுக்குள் பிள்ளைகள் எவ்வளவு முன்னேறினார்கள் என்பதுதான் கேள்வி. தாமாக விரும்பிப் புத்தகமும் செய்தித்தாளும் படித்து, நூலகத்துக்கும் போய்வந்த பிள்ளைகள் மற்றவர்களைவிட நன்றாக முன்னேறியிருந்தார்கள். பெற்றோரில் ஒருவர் பட்டதாரியாக இருப்பதால் கிடைக்கும் நன்மையைப்போல் நான்கு மடங்கு நன்மை இந்தப் பழக்கத்தால் கிடைத்திருந்தது. சொல்வளமும் எழுத்துப் பிழையின்மையும் மட்டும் கூடவில்லை, கணக்கிலும் அந்தப் பிள்ளைகள் முந்தியிருந்தார்கள்.

கணக்குக்கும் கதைக்கும் என்ன தொடர்பு என்று வியக்க வேண்டாம். நாலு வரியில் எழுதிய கணக்கைப் புரிந்துகொள்ள முதலில் அந்த நாலு வரியைத் தடுமாறாமல் வாசிக்க வேண்டும். வாய்ப்பாடு தெரிந்தும் கேள்வி புரியாமல் மார்க்கை விடும் பிள்ளைகள் நம் தெருவில் எத்தனை பேர்! 2009-ஆம் ஆண்டுச் சுற்றின் பிசா சர்வதேசத் தேர்வில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன. எழுபதுக்கு மேற்பட்ட நாடுகளும் பகுதிகளும் இருந்த பட்டியலில் இரண்டும் கடைசி வரிசையில் நின்றன. மனப்பாடத்துக்கு அந்தத் தேர்வில் இடமில்லை. வாசித்ததைப் புரிந்து யோசித்தால்தான் விடை எழுத முடியும்.

அதே பிசா தேர்வின் 2000-ஆம் ஆண்டு விவரங்களில் நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி இருக்கிறது. சாதாரண வேலை பார்க்கும் பெற்றோரின் பிள்ளைகளில் வாசிப்பில் ஆர்வம் மிகுந்தவர்கள், பெரிய வேலையில் இருப்பவர்களின் வாசிக்காத பிள்ளைகளை வாசிப்புத் தேர்வில் மிஞ்சியிருந்தார்கள். கடலுக்குப் போகிறவருக்கும், மீன் கூடை சுமக்கும் அம்மாவுக்கும், கட்டட வேலைக்குப் போகிறவருக்கும் இதைவிட நல்ல செய்தி வேண்டுமா? மாதா மாதம் டியூஷனுக்குக் கட்டும் பணத்தில் பத்தில் ஒரு பங்கு போதும், வீட்டில் புத்தகம் சேர்ந்துவிடும்.

ஆனால் ஒன்று. விரும்பிப் படித்தால்தான் இந்தப் பலன். இங்கேதான் நாம் கெடுக்கிறோம். பிள்ளை ஒரு கதையை முடித்ததும், “இதிலிருந்து என்ன நீதி தெரிஞ்சுக்கிட்டே?” என்று கேள்வி. “சுருக்கமா எழுதிக் காட்டு” என்று கட்டளை. சத்தமாகப் படிக்கச் சொல்லி, வல்லினம் மெல்லினம் திருத்தி, கடைசியில் புத்தகத்தையே பார்க்கப் பிடிக்காமல் செய்துவிடுகிறோம். நம் ஊர்ப் பிள்ளைகள் நீந்தக் கற்றது எப்படி? யாராவது கரையில் நின்று பரீட்சை வைத்தார்களா? பெரியவர்கள் நீந்துவதைப் பார்த்தார்கள், கூடவே இறங்கினார்கள், தண்ணீர் குடித்தார்கள், கற்றுக்கொண்டார்கள். வாசிப்பும் அப்படித்தான் வரும். பாதியில் மூடி வைத்தால் மூடி வைக்கட்டும். படக்கதையையே பத்துத் தடவை படித்தால் படிக்கட்டும். முத்து காமிக்ஸும் அம்புலிமாமாவும் படித்து வளர்ந்த தலைமுறை ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை.

வாசிப்பு தனியாக வராது. வயிறும் தூக்கமும் கண்ணும் சரியாக இருந்தால்தான் புத்தகத்தில் மனம் நிற்கும். அதில் நாம் எப்படி இருக்கிறோம்?

பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை நம் பகுதியை ஆண்ட பிரெஞ்சு நிர்வாகமே உணர்ந்து, 1930-இலேயே பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. நாமோ காலை டியூஷனுக்கு வெறும் வயிற்றோடு பிள்ளையை அனுப்புகிறோம். வழியில் கடையில் பத்து ரூபாய்க்கு ஒரு சிப்ஸ் பாக்கெட். கரையில் வலையிலிருந்து உதிரும் நெத்திலியும் மத்தியும் வெளியூர்க்காரர்கள் தேடி வந்து வாங்கும் சத்துள்ள மீன்கள். நெத்திலியை முள்ளோடு தின்றால் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும். நம் பிள்ளைக்கோ மசாலா தூவிய சிப்ஸ்.

தூக்கத்துக்கு வருவோம். 6 முதல் 12 வயது வரை பிள்ளைக்கு ஒன்பது மணி நேரமாவது தூக்கம் வேண்டும், பன்னிரண்டு வரை போகலாம் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். காலை ஆறுக்கு எழுப்ப வேண்டுமானால் இரவு ஒன்பதுக்குப் படுக்க வேண்டும். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும், இதற்கு டியூஷன் வேண்டாம். ஆனால் பத்தரை மணி வரை சீரியல் ஓடும் அதே கூடத்தில்தான் பிள்ளையும் படுத்திருக்கிறது. இரண்டு வயது ஆகாத குழந்தைக்குத் திரையே காட்ட வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதிலும் குறைத்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. பால் மணம் மாறாத குழந்தை நம் வீடுகளில் யூடியூப் விளம்பரத்தைத் தானே தள்ளிவிடுகிறது. அதைப் பார்த்து நாம் பெருமைப்படுகிறோம்.

கண்ணாடி போட்ட சின்னப் பிள்ளைகள் கூடிக்கொண்டே போவதைக் கவனித்தீர்களா? சீனாவின் குவாங்சோ நகரத்தில் 12 பள்ளிகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தால், வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே விட்ட பள்ளிகளில் 30 பேருக்கு. 2015-இல் வெளியான முடிவு இது. வெட்டவெளியின் வெளிச்சம் கண்ணின் வளர்ச்சியைச் சீராக வைக்கிறது என்று விளக்கம் சொல்கிறார்கள். கடலோரத்தில் குடியிருக்கும் நமக்கு வெளிச்சத்துக்கு என்ன பஞ்சம்?

“விளையாட இடம் எங்கே இருக்கு?” என்று கேட்பீர்கள். கேள்வி நியாயம்தான். 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகத் தடுப்புச் சுவர்கள் கட்டியபின், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே நின்றுவிட்டது. நகரக் கடற்கரையில் தொடங்கிய அரிப்பு, கல் கொட்டக் கொட்ட வடக்கே நகர்ந்து, நம் பக்கத்துக் கரைகளையும் தின்றது. பிள்ளைகள் கபடி ஆடிய மணல் போனது அவர்கள் குற்றமல்ல. அதற்காக வீட்டுக்குள் பூட்டி வைக்க முடியுமா? பள்ளி மைதானம் இருக்கிறது, கோயில் வாசல் இருக்கிறது. மாலை ஐந்திலிருந்து ஆறு வரை டியூஷன் வேண்டாம் என்று நாலு வீடு சேர்ந்து சொன்னால் வாத்தியார் நேரத்தை மாற்றிக்கொள்வார்.

புத்தகம் எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள். பஸ் ஏறினால் தமிழ்நாட்டு எல்லைக்குள் போய், பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் தாண்டி மறுபடி புதுச்சேரிக்குள் நுழைந்துவிடலாம். ரங்கப்பிள்ளை வீதிப் பக்கம் ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது. 1827-இல் தொடங்கிய பொது நூலகம் அது, இந்தியாவின் பழைய பொது நூலகங்களில் ஒன்று. துணி எடுக்க நேரு வீதிக்கு எத்தனை முறை போயிருப்போம்? அடுத்த வீதியில் இருக்கும் நூலகத்துக்குப் பிள்ளையை ஒரு முறை கூட்டிப்போயிருக்கிறோமா? தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் புதுவை அறிவியல் இயக்கமும் சேர்ந்து 1987 முதல் ‘துளிர்’ என்ற சிறுவர் அறிவியல் இதழை நடத்துகின்றன. பக்கத்துத் தமிழ்நாட்டில் வாசிப்பு இயக்கம் வழியாக நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை வைத்துச் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் போட்டிருக்கிறார்கள். டிசம்பரில் நகரத்தில் புத்தகக் கண்காட்சி நடக்கிறது. பிள்ளையைக் கையில் பிடித்துப் போய், எந்தப் புத்தகம் என்று அதையே எடுக்கவிடுங்கள். நீங்கள் எடுத்துக் கொடுக்கும் ‘பொது அறிவுக் களஞ்சியம்’ அலமாரியில்தான் தூங்கும்.

“எனக்கே எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், நான் எங்கே பிள்ளைக்குப் படித்துக் காட்டுவது?” என்று சிலர் ஒதுங்குகிறீர்கள். 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புதுச்சேரியில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, வேலை முடித்து வந்த பெண்கள் இரவு விளக்கடியில் உட்கார்ந்து எழுத்துக் கற்றார்கள். அவர்களுக்கு வெட்கம் இருக்கவில்லை. நமக்கு என்ன வந்தது? பிள்ளையைப் படிக்கச் சொல்லி நீங்கள் கேளுங்கள். அதுவும் முடியாதென்றால் கதை சொல்லுங்கள். பள்ளிப்படிப்பை முடிக்காத கி. ராஜநாராயணனைப் புதுவைப் பல்கலைக்கழகம் 1989-இல் வருகைதரு பேராசிரியராக அழைத்துவந்தது. எழுத்தாளரான அவர் ஊர் ஊராகச் சேகரித்தது யாருடைய கதைகளை? நம் ஆயாக்களும் தாத்தாக்களும் சொன்ன கதைகளைத்தான். புயலில் படகு திசை மாறிப்போன கதை, வலையில் சுறா விழுந்த கதை என்று உங்களிடம் இருப்பது எந்த அச்சுப் புத்தகத்திலும் இல்லை. அதைக் கேட்டு வளரும் பிள்ளை நாளைக்குப் புத்தகத்தில் கதை தேடும்.

அப்பாக்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் சாய்ந்து செல்லைத் தேய்த்துக்கொண்டே, “போய்ப் படி” என்று சொல்வதை நிறுத்துங்கள். உங்கள் வாய் சொல்வதைப் பிள்ளை கேட்பதில்லை, உங்கள் கை செய்வதைப் பார்க்கிறது. டீக்கடையில் பேப்பர் புரட்டும் பழக்கம் இருந்தால் அந்தப் பேப்பரை வீட்டுக்கு வாங்கி வாருங்கள். விளையாட்டுப் பக்கமோ, ஜோசியமோ எதுவாக இருந்தாலும் பிள்ளை முன்னால் உட்கார்ந்து படியுங்கள்.

நான் கேட்பது பெரிய தியாகம் இல்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் டிவி, செல் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வீட்டில் இருக்கும் எல்லோரும், மாமியார் உட்பட, ஏதாவது படிக்கட்டும், அல்லது கதை சொல்லட்டும், கேட்கட்டும். பிள்ளையிடம் கேள்வி கேட்காதீர்கள், பரிசு கொடுக்காதீர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். விடியற்காலையில் கடலுக்குப் போகிறவர்கள் இந்தக் கால் மணி நேரத்தைச் சாயங்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சீரியல் கதாநாயகி ஒரு கால் மணி நேரம் அழாமல் இருந்தால் அவளுக்கும் ஓய்வுதானே!

“சரி, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பார்க்கலாம்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். “நாளைக்குப் படிக்கிறேம்மா” என்று பிள்ளை சொன்னால் நாம் விட்டுவிடுகிறோமா?