ராஸ்பெர்ரி பை விலையும் ஏறிப்போச்சு: ஏஐ-க்கும் இந்தக் குட்டி கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?

ஏடிஎம் கார்டு அளவுக்கு ஒரு சர்க்யூட் போர்டு. மானிட்டர், கீபோர்டு, அடாப்டரைச் சொருகினால் முழுக் கம்ப்யூட்டர் ரெடி. கல்லூரி ப்ராஜெக்ட்டில் தொடங்கி வீட்டு சர்வர் வரைக்கும் 'ராஸ்பெர்ரி பை' பரவியதற்கு முக்கியக் காரணம் அதன் விலை. இப்போது அந்த விலைதான் கையைச் சுடுகிறது.

ராஸ்பெர்ரி பை 5-ன் 16 ஜிபி மாடல் 2025 ஜனவரியில் வந்தபோது 120 டாலர். டிசம்பரில் 145. 2026 பிப்ரவரியில் 205. இத்தனைக்கும் போர்டில் எந்த மாற்றமும் இல்லை. இதே காலத்தில் 8 ஜிபி மாடல் 80 டாலரிலிருந்து 125-க்குப் போனது. ஆனால், 1 ஜிபி ரேம் உள்ள பை 4 மட்டும் அதே 35 டாலரில் நின்றது. அதாவது, ரேம் கூடக் கூட அடியும் கூடுகிறது.

ஏன் இப்படி?

உலகின் ரேம் சிப்களில் பெரும்பகுதியைத் தயாரிப்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்கள்தான். ஏஐ டேட்டா சென்டர்களுக்குத் தேவையான அதிவேக மெமரியில் லாபம் அதிகம். அதனால் தயாரிப்புத் திறனை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். புது ஆலை கட்டி சிப் வெளியே வர வருடக்கணக்கில் ஆகும். நிலைமை எவ்வளவு தீவிரம் என்றால், சாதாரண வாடிக்கையாளர்களுக்கு ரேம் விற்றுவந்த தன் 'க்ரூஷியல்' பிராண்டையே மூடப்போவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது.

மெமரி விலை இறங்கினால் போர்டு விலையையும் இறக்குவோம் என்கிறார் ராஸ்பெர்ரி பை தலைவர் எபன் அப்டன். எப்போது என்பதுதான் கேள்வி.

யாருக்கு இழப்பு?

கணினி அறிவியல் படிக்க வரும் மாணவர்கள் குறைகிறார்களே, வருபவர்களும் கம்ப்யூட்டரை நோண்டிப் பார்க்காமலேயே வருகிறார்களே என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அப்டனும் நண்பர்களும் கவலைப்பட்டதில் பிறந்ததுதான் இந்தக் கருவி. 2012 பிப்ரவரி 29-ல் விற்பனைக்கு வந்தது. கெட்டுப்போனாலும் வீட்டில் பெரிதாகத் திட்டு விழக்கூடாது, அதுதான் கணக்கு. ஏனெனில் இது எளிதில் கெடும். 3.3 வோல்ட் பின்னில் 5 வோல்ட் ஒயரைத் தெரியாமல் சொருகினால் போர்டே காலியாகலாம். இவ்வளவு விலை ஏறிய போர்டில் அப்படி விளையாடிப் பார்க்கும் தைரியம் எந்தப் பிள்ளைக்கு வரும்?

2024-ல் லண்டன் பங்குச் சந்தையில் பட்டியலான இந்த நிறுவனத்தின் விற்பனையில் பெரும்பங்கு இப்போது தொழில் நிறுவனங்களுக்குத்தான் போகிறது. தங்கள் மெஷினுக்குள் பை-யை வைத்து டிசைன் செய்துவிட்டவர்கள், விலை ஏறினாலும் வாங்கியே ஆக வேண்டும். மாணவர்கள் சத்தமில்லாமல் விலகிவிடுவார்கள். விற்பனைக் கணக்கில் இந்த இழப்பு பெரிதாகத் தெரியாது.

சரி, இப்போ எதை வாங்கலாம்?

முதலில் வேலையைப் பாருங்கள், ரேமை அப்புறம் பார்க்கலாம். வீட்டு வைஃபையில் விளம்பரங்களைத் தடுக்கும் 'பை-ஹோல்' மாதிரி வேலைக்கு 512 எம்பி ரேம் உள்ள ஜீரோ 2 டபிள்யூ போதும். அதன் அறிவிக்கப்பட்ட விலை 15 டாலர். இங்கே கடைக்கு வரும்போது வரியெல்லாம் சேர்ந்து கூடும்.

குடும்ப போட்டோ, படங்களைச் சேமிக்கும் சர்வர் வேண்டுமென்றால் கணக்கு மாறும். பை 5-உடன் அடாப்டர், கூலர், கேஸ், எஸ்எஸ்டி என்று சேர்த்தால் பட்ஜெட் எகிறிவிடும். அதற்குப் பழைய ஆபீஸ் மினி பிசி நல்ல மாற்று. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. இன்டெல் 6, 7-வது தலைமுறை மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்கு விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கிடையாது. அதனால் ஆபீஸ்கள் இவற்றைக் கழிக்கின்றன. சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் விசாரித்துப் பாருங்கள். லினக்ஸ் இதில் தாராளமாக ஓடும். முக்கியமாக, ரேம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

கரன்ட் பில் எகிறாதா? சும்மா இருக்கும்போது பை 5 சுமார் 3 வாட் இழுக்கும், மினி பிசி சுமார் 10 வாட். 24 மணி நேரமும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு முறையே 4, 14 யூனிட். 60 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப்பை இப்படி ஓடவிட்டால் 86 யூனிட். தமிழ்நாட்டு வீடுகளுக்கான இலவச மின்சாரத்தில் பெரிய பங்கு அதிலேயே போய்விடும்.

பை வாங்குபவர்கள் போன் சார்ஜரை வைத்துச் சமாளிக்கப் பார்க்க வேண்டாம். பை 5 கேட்பது 5 வோல்ட்டில் 5 ஆம்பியர், பெரும்பாலான போன் சார்ஜர்கள் 5 வோல்ட்டில் தருவது 3 ஆம்பியர் வரைதான். மானிட்டர் இல்லையா? கவலை வேண்டாம், 'இமேஜர்' ஆப்பில் மெமரி கார்டைத் தயார் செய்யும்போதே வைஃபை, பாஸ்வேர்டு எல்லாம் கொடுத்துவிடலாம்.

எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் மெமரி கார்டில் உள்ள ஃபைல்கள் கெட்டுப்போகும் வாய்ப்பு அதிகம். ரவுட்டருக்கு வைக்கும் மினி யூபிஎஸ் எல்லாம் பை 5-க்கான 5 ஆம்பியரைத் தராது என்பதால், அதைப் பார்த்து வாங்குங்கள். போட்டோக்களுக்கு வேறொரு டிஸ்க்கில் இன்னொரு காப்பி கட்டாயம்.